நோட்டை மூடு தம்பி, டீ ஆறுது

வா தம்பி, உக்காரு. அங்கன வேணாம், அது பால்காரர் உக்கார்ற எடம். அவரு வந்தா எந்திரின்னு சொல்ல மாட்டாரு, நாள் பூராம் நின்னுக்கிட்டே ஒன்னையப் பாத்துக்கிட்டு இருப்பாரு. இங்கிட்டு எம் பக்கத்துல வா. பையை வேணும்னா அங்கன வையி.

காலையில ஆறரை மணிக்குக் கம்பத்துலருந்து வர்ற டவுன் பஸ்ஸுல எறங்குன. தோள்ல ஒரு பை, கழுத்துல அடையாள அட்டை. நேரா இந்தக் கடை வாசல்ல வந்து நின்னு, "இந்த ஊர் மக்களோட அன்றாடப் பண்பாட்டை ஆய்வு செய்ய வந்திருக்கேன்"னு சொன்ன. டீ மாஸ்டர் ஒண்ணும் பேசல, "சீனி?"ன்னு மட்டும் கேட்டாரு. நீ "சீனி வேணாம்"ன. அம்புட்டுத்தேன். இந்த வயசுல சீனி வேணாங்குறான்னா அப்பனுக்குச் சர்க்கரை இருக்கும், அதப் பாத்துப் பயந்துருக்கான். அப்பனுக்குச் சர்க்கரைன்னா உக்காந்து பாத்த உத்தியோகம். உத்தியோகம்னா சொந்த வீடு இருக்கும். இவனுக்குப் பொண்ணு குடுக்கலாமா வேணாமான்னு அந்த மூலை பெஞ்சுல பேசி முடிச்சுட்டாக. நீ இன்னும் நோட்டுல தேதி கூடப் போடல.

கோவிச்சுக்காத. ஊரை ஆராய வர்றவுகளை ஊரு மொதல்ல ஆராஞ்சு முடிச்சுரும். அதுக்கு எங்களுக்கு யாரும் உதவித்தொகை குடுக்குறதில்ல.

சரி, அந்தத் தாளைக் குடு பாப்போம். அடேயப்பா, 42 கேள்வி. நல்ல பேப்பரு, நல்ல அச்சு. "உங்கள் சமூகத்தின் முக்கிய விழுமியங்கள் யாவை?" விழுமியம்னா என்னா தம்பி, விழுந்து கெடக்குற சாமானா? இத நீ எங்க வீட்டுக் கெழவிகிட்டக் கேட்டுப் பாரு. வாயே தொறக்காது. உள்ள போயி ஒரு செம்புத் தண்ணி கொண்டாந்து குடுக்கும், வெயில்ல வந்த புள்ள என்னமோ ஒளறுதுன்னு. நீ தண்ணியக் குடிச்சுட்டு, "பதில் அளிக்கவில்லை"ன்னு எழுதிட்டுப் போவ.

அடுத்தது. "சமய நம்பிக்கை: உண்டு, இல்லை, ஓரளவு." எங்க தெருவுல ஒருத்தரு ஏழரைச் சனி புடிச்சதுலருந்து சனிக்கிழமை தவறாம குச்சனூருக்குப் போறாரு. எள்ளு வெளக்குப் போடுறாரு. திரும்பி வர்ற வழி பூராம் சனீஸ்வரனைக் கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டே வர்றாரு. அவருக்கு எதுல டிக் அடிப்ப? ஓரளவா? அவரு காதுல விழாமப் பாத்துக்க.

இதெல்லாம் சொல்ல நீ யாருன்னு கேக்கலையே. முப்பத்தஞ்சு வருசம் தலையாரி பாத்தவன் நான். இப்பக் கிராம உதவியாளர்ங்கிறாக, வேலை அதேதேன். கர்ணம் இருந்த காலத்துல சேந்தேன், 1980-ல கர்ணத்தை ஒழிச்சு வி.ஏ.ஓ.ன்னு கொண்டாந்தாக, அவுகளுக்கும் வேலை பாத்தேன். கணக்கெடுக்க வந்தவன், கடன் குடுக்க வந்தவன், கடனை வசூலிக்க வந்தவன், கக்கூசு எண்ண வந்தவன்னு அத்தனை பேரையும் வீடு வீடா கூட்டிட்டுப் போனவன் நாந்தேன். ஒரு வீட்டுல கேள்வி கேக்கும்போது ஆளுக மூஞ்சி எப்புடிப் போகும், கண்ணு எதைப் பாக்கும், எந்த நேரத்துல தொண்டையைச் செருமுவாகன்னு எனக்கு அத்துப்படி.

ஒண்ணு சொல்றேன், எழுதிக்க. வேணாம், எழுதாத, கேளு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு வருசம் 72,000 ரூபான்னு இருந்துச்சுல்ல, அப்ப எங்க ஊர்ல ஒருத்தருக்குக் கூட அதுக்கு மேல வருமானம் கெடையாது. பத்து ஏக்கர் திராட்சைப் பந்தல் வச்சிருக்குறவருக்கும் 72,000-க்குள்ளதேன், அவரு தோட்டத்துல கொத்து வெட்டப் போற பொம்பளைக்கும் 72,000-க்குள்ளதேன். பொறவு வரம்பை 1,20,000-ஆ ஒசத்துனாக. ஒரே ராத்திரியில ஊரே முன்னேறிப்போச்சு தம்பி. நல்ல மழை பேஞ்சா கூட அப்புடி முன்னேறுனதில்ல. நீ 17-ஆவது கேள்வியில "குடும்ப ஆண்டு வருமானம்"னு கட்டம் போட்டு வச்சிருக்க. நெரப்பிட்டுப் போ. பேனாவுக்குன்னு ஊர்ல தனியா ஒரு பதிலு எப்பவும் தயாரா இருக்கும்.

எம் பேத்தி பாளையங்கோட்டை சவேரியார் காலேஜுல நாட்டார் வழக்காற்றியல் படிச்சா. லீவுக்கு வந்தா ராத்திரி மொட்டை மாடியில பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு, படிச்சதையெல்லாம் எனக்குச் சொல்லுவா. கதை கேட்டுக்கிட்டே தூங்குற வயசு இப்ப எனக்குத்தேன. அப்புடித்தேன் ஒங்க வாத்தியாருக பூராம் எனக்குப் பழக்கம். மாலினோவ்ஸ்கின்னு ஒருத்தரு. போலந்துக்காரரு. மொத உலகச் சண்டை நடந்த காலத்துல நியூகினி பக்கம் டிரோபிரியாண்ட்னு ஒரு தீவுல போயி, ஊருக்கு நடுவுல கூடாரம் அடிச்சு உக்காந்துட்டாரு. அவுக பாஷையைக் கத்துக்கிட்டு, அவுக படகு, அவுக கிழங்குத் தோட்டம், அவுக சண்டைன்னு அம்புட்டையும் கூடவே இருந்து பாத்தாரு. 1922-ல புஸ்தகம் போட்டாரு. அதுலருந்துதேன் வெள்ளைக்கார தொரை வராண்டாவுல சாய்வு நாற்காலியப் போட்டுக்கிட்டு ஆளுகளை வரவழைச்சுக் கேக்குற பழக்கம் மதிப்புக் கொறஞ்சதாம்.

ஆனா கதையில ருசியே அப்பறந்தேன். அவரு செத்துப் போயி பல வருசம் கழிச்சு 1967-ல அவரு சம்சாரம் இன்னொரு நோட்டை எடுத்து அச்சுக்குக் குடுத்துருச்சு. டைரி. அதுல அந்தத் தீவு சனங்களை ஏகத்துக்கும் எரிச்சலா எழுதி வச்சிருக்காராம். வீட்டு நெனப்பு, ஒடம்பு சரியில்ல, இவனுக பொய் சொல்றானுகன்னு பொலம்பல். பேத்தி இத வருத்தமாச் சொன்னா. நான் சிரிச்சுட்டேன். ரெண்டு நோட்டு வச்சிருக்காத மனுசன் யாரு? பலசரக்குக் கடைக்காரரு கூட ரெண்டு நோட்டு வச்சிருக்காரு. நீயும் ராத்திரி ஒரு நோட்டுல எங்களைத் திட்டி எழுதத்தேன் போற. எழுதிக்க. ஒனக்குக் கல்யாணம் ஆனா அந்த நோட்டை மட்டும் எரிச்சுரு.

இது என்னா இன்னொரு தாளு? ஒப்புதல் படிவமா? "ஆய்வின் நோக்கம் எனக்கு விளக்கப்பட்டது, முழு மனதுடன் சம்மதிக்கிறேன், கையொப்பம் அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை."

...

இத உள்ள வையி தம்பி. மொதல்ல உள்ள வையி.

சிரிச்சுக்கிட்டே சொல்றேன்னு நெனைக்காத. இந்தப் பள்ளத்தாக்குல எங்க சனத்துகிட்டப் போயி, "கட்டை விரலைக் குடுங்க, ஒங்க நல்லதுக்குத்தேன்"னு நீ மொத ஆளா வரல. குற்றப் பரம்பரைச் சட்டம்னு படிச்சிருப்ப. 1871-ல வடக்க போட்ட சட்டம், 1911-ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. பிரமலைக் கள்ளர்னு பொறந்த ஒரே காரணத்துக்காக வயசுக்கு வந்த ஆம்பளை பூராம் ரேகை பதியணும், ராத்திரி போலீசுக் கச்சேரியில போயி ஆஜர் குடுக்கணும், வெளியூர் போகணும்னா சீட்டு வாங்கணும். உசிலம்பட்டிக்கு அங்கிட்டு பெருங்காமநல்லூர்ல "ரேகை வைக்க மாட்டோம்"னு சொன்னதுக்கு 1920 ஏப்ரல் 3-ஆந் தேதி சுட்டாக. மாயக்காள்னு ஒரு பொம்பளையும் சேந்து செத்துப்போச்சு. 1947-ல மெட்ராஸ் சர்க்கார் சட்டத்தை எடுத்துட்டாக. சட்டத்தை எடுத்தா மை போயிருமா?

1961-ல சென்சஸ்காரரு வந்தாரு. எனக்குப் பதினஞ்சு வயசு. பாவம், நல்ல மனுசன், பள்ளிக்கூட வாத்தியாரு. கையில பேனா மட்டுந்தேன், மை டப்பா ஒண்ணும் இல்ல. எங்க அப்பத்தா திண்ணையில உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவரு நோட்டைத் தொறந்தாரு. கெழவி மொச்சையை அப்புடியே போட்டுட்டு ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள சுருட்டி வச்சுக்கிச்சு. "எத்தனை புள்ளைக ஆத்தா?"ன்னாரு. "தெரியாது." "ஒங்க வயசு?" "தெரியாது." ஏழு புள்ள பெத்து, அதுல செத்த ரெண்டுக்கும் வருசா வருசம் பேரு சொல்லிச் சோறு வைக்கிற கெழவி. அவரு போயி ரொம்ப நேரம் கழிச்சுத்தேன் கை வெளிய வந்துச்சு. நான் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லல, "மொச்சையைப் பொறுக்கு"ன்னு மட்டும் சொல்லுச்சு.

மெட்ராஸ் மியூசியத்துல தர்ஸ்டன்னு ஒரு தொரை இருந்தாரே, ஏழு வால்யூம்ல எந்தச் சாதி எப்புடின்னு 1909-ல போட்டாரே, அவரு மூக்கை அளக்குற கருவியோட ஊர் ஊராப் போனவரு. ஒரு பக்கம் மூக்கை அளந்தாக, இன்னொரு பக்கம் விரலை அழுத்துனாக. ரெண்டும் அறிவுன்னுதேன் சொல்லிக்கிட்டாக.

அதுக்காக வெள்ளைக்காரனைத் திட்டச் சொல்றேன்னு எழுதிராத. நிமுந்து பாரு, கல்லாவுக்கு மேல, முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவுல மீசை வச்ச தொரை படம் இருக்கா? கர்னல் பென்னிகுக். காலையிலேயே நீ அதப் பாத்துட்டு என்னமோ கிறுக்குனதைக் கவனிச்சேன். "காலனிய மனோபாவம்"னு எழுதிருந்தா அடிச்சுரு. 1895-ல பெரியாறு அணையைக் கட்டி, மேக்க ஓடுன தண்ணியக் கெழக்க திருப்பி விட்டாரு. அந்தத் தண்ணியிலதேன் இந்தப் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கரு ரெண்டு போகம் வெளையுது. ஜனவரி 15 அவரு பொறந்தநாளு, பொங்கலும் அதை ஒட்டித்தேன் வரும், ஊர் ஊருக்குப் பானை வைப்பாக. தண்ணி விட்டதும் அதே சர்க்கார், ரேகை எடுத்ததும் அதே சர்க்கார். நாங்க தண்ணி விட்டவருக்குப் படம் மாட்டிருக்கோம். ரேகை எடுத்தவரு பேரு யாருக்கும் ஞாபகம் இல்ல. ஏன்னு என்னையக் கேக்காத, ஆராய்ச்சிக்காரன் நீதேன்.

இன்னொரு டீ சொல்லவா? வேணாமா? வேணாம்னு சொல்லாத, டீயை வேணாம்னு சொன்னா பேச்சை வேணாம்னு சொன்ன மாதிரி. மாஸ்டர், தம்பிக்குச் சீனி இல்லாம ஒண்ணு.

கேள்வியே கேக்கக்கூடாதாங்குற. கேளு, யாரு வேணாம்னா? ஆனா எடம் பாத்துக் கேளு. கார்டனர்னு ஒரு அமெரிக்காக்காரரு 1962-லருந்து பளியர்களோட போயி இருந்துருக்காரு. நம்ம மலையில இருக்காகல்ல, தேனு எடுக்குறவுக, கெழங்கு தோண்டுறவுக. அவரு என்னா எழுதுனாருன்னா, பளியர் ரொம்பக் கொறச்சுத்தேன் பேசுவாகளாம். நாப்பது வயசானா ஏறக்குறைய பேச்சே நின்னுபோயிருமாம். வளவளன்னு பேசுற ஆளைக் கண்டா முகஞ் சுளிப்பாகளாம். யோசிச்சுப் பாரு. கேள்வி கேக்குறதே பொழப்புன்னு கடலைத் தாண்டி வந்த மனுசன், பேசுறதையே மரியாதைக் கொறைச்சலா நெனைக்கிற சனத்துகிட்டப் போயி மாட்டுனாரு! சும்மா கூட உக்காந்து, கூட நடந்துதேன் கத்துக்கிட்டுருப்பாரு. அவரு சொன்னது பூராம் சரியான்னு எனக்குச் சந்தேகந்தேன். ஒருவேளை அவருகிட்ட மட்டும் பேசாம இருந்துருப்பாகளோ என்னமோ. சுருளி அருவிக்கு மேல இருக்குற ஒரு பளியரு எங்கிட்ட ஒரு மணி நேரம் வாய் ஓயாமப் பேசிருக்காரு, அம்புட்டும் ஒரே ஒரு நாயைப் பத்தி.

நாளான்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கு எந்திரி. ஊர் மந்தையில ஜீப்பு நிக்கும். குமுளிக்கு, கம்பம்மெட்டுக்கு அங்கிட்டு கேரளாவுல ஏலத் தோட்டத்துக்கு ஆளேத்திட்டுப் போற ஜீப்பு. எட்டுப் பேரு உக்கார்ற வண்டியில எத்தனை பேருன்னு நீ எண்ண முடியாது, ஏன்னா பாதிப் பேரு இன்னொருத்தர் மடியில இருப்பாக. டிரைவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. பொம்பளையாளுக நடுவுல ஒடுங்கி உக்காரு. நோட்டை எடுக்கவே முடியாது, கையை நீட்ட எடம் இருந்தாத்தான? மொத வளைவு வரைக்கும் யாரும் பேச மாட்டாக, ஆம்பளைப் பய உக்காந்துருக்கானேன்னு. ரெண்டாவது வளைவுல ஒருத்தி தூக்குவாளியத் தொறந்து என்னா கொழம்புன்னு மோந்து பாப்பா. அப்பறம் பாரு. எந்தக் கங்காணி காய் எடை போடும்போது தட்டுல கட்டைவிரலை வைக்கிறான், மகளிர் குழுவுல யாரு தவணை கட்டல, அந்தத் தவணைக்காக யாரு தோட்டை அடகு வச்சா, எவ மருமகன் குடிச்சுட்டு வந்து எங்க விழுந்து கெடந்தான், எந்தப் புள்ளைக்கு நர்சிங் காலேஜுல சீட்டு கெடைச்சுருக்கு, அதுக்குப் பணம் எங்கிட்டுருந்து வரும். 42 கேள்விக்கும் மெட்டு ஏறுறதுக்குள்ள பதிலு. நீ கேக்காமலே. எறங்கும்போது ஒனக்கு வாந்தி வரும், அதையும் சாயங்காலம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பாக. அடுத்த நாள் நீ ஏறும்போது "வாந்தி வந்துருச்சுப்பா"ன்னு எடம் விடுவாக. அன்னைக்குத்தேன் நீ ஊருக்குள்ள வந்தன்னு அர்த்தம்.

நோட்டு இல்லாம எப்புடி ஞாபகம் வச்சுக்கிறதுங்குற. மைசூர் பக்கம் ஒரு ஊர்ல எம்.என். சீனிவாஸ்னு பெரிய வாத்தியாரு 1948-ல போயித் தங்கி ஆராய்ச்சி பண்ணாரு. தொகுத்துத் தொகுத்து வச்ச குறிப்பை அமெரிக்காவுக்குக் கொண்டு போயி புஸ்தகமாக்குவோம்னு உக்காந்தாரு. 1970-ல எவனோ அந்தக் கட்டடத்துக்குத் தீ வச்சுட்டான். பல வருச ஒழைப்பு சாம்பலாப் போச்சு. பொறவு மனசுல தங்குனதை வச்சே எழுதுனாரு, 1976-ல வந்துச்சு. பேத்தி அதுலருந்து எனக்குச் சொன்னா. அந்த ஊர்த் தலைவரு, அவரு வீட்டு வாசலு, ஆளுக வர்றது போறது எல்லாம் அச்சு அசலா இந்த ஊரு மாதிரியே இருக்கு. தீ வச்சவனுக்கு நன்றி சொல்லச் சொல்லல. ஆனா ஒன் நோட்டு ஒரு நாள் மழையில நனைஞ்சா ஒப்பாரி வைக்காத.

நம்ம பள்ளத்தாக்கைப் பத்தியே புஸ்தகம் இருக்கு, படிச்சியா? ஆனந்த் பாண்டியன்னு அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல வாத்தியாரு. இங்கன கம்பம் பக்கம் வந்து தங்கி எழுதுனது, 2009-ல இங்கிலீசுல வந்துச்சு. "கோணல் தட்டை"ன்னு வச்சுக்கயேன் தலைப்பை. போலீசு திருத்துனது, பள்ளிக்கூடம் திருத்துனது, சர்க்கார் நெலம் குடுத்துத் திருத்துனதுன்னு எல்லாத்தையும் எழுதிட்டு, இந்தச் சனம் தானே தன்னைய எப்புடித் திருத்திக்கிச்சுன்னு உழவுலருந்து பாக்குறாரு. நெலத்தைப் பண்படுத்துறது, மனசைப் பண்படுத்துறது, பண்பாடு எல்லாம் ஒரே வேரு. இது எங்களுக்குத் தெரியாதான்னு கேக்கலாம். தெரியும். ஆனா ஏரு புடிக்கிறவன் ஏரைப் பத்தி யோசிச்சா சாலு கோணிரும். அதுக்குத்தேன் ஒன்ன மாதிரி வேலை இல்லாத ஆளுக வேணும்.

அந்தப் புஸ்தகத்தை விட எனக்குப் புடிச்சது அவரு தன்னோட தாத்தா மாரியப்பனோட உக்காந்து எழுதுனது. பர்மாவுலருந்து சண்டைக் காலத்துல தப்பிச்சு வந்து மதுரையில பழ வியாபாரம் பாத்த மனுசன். தமிழ்ல "மிச்சம் மீதி"ன்னு பேரு. அட்டையில பேரனும் தாத்தாவும் ரெண்டு பேரு பேரும் இருக்கு. பாத்தியா, வேலை செஞ்ச ரெண்டு பேருக்கும் கூலி. உலகம் பூராம் போயி ஊரானைக் கேக்குறவுக, வீட்டுத் திண்ணையில கெடக்குற கெழவனைக் கேக்க மறந்துர்றாக. நீ ஒங்க தாத்தாகிட்ட எப்பக் கடைசியா உக்காந்து பேசுன? சரி விடு, தலையைக் குனியாத, டீ குடி.

இப்ப நான் முக்கியமான எடத்துக்கு வர்றேன். தலையாரி வேலை சோத்துக்கு. ஊர்ல எனக்கு இருக்குற மரியாதை வேற வேலையால. நாப்பத்தஞ்சு வருசமா இந்த ஊரு விசேசத்துக்கு மொய் எழுதுறவன் நான். இப்பக் கம்ப்யூட்டர்ல ரசீது குடுக்குறாக, பணம் எண்ண மிசினு வந்துருச்சு. இருந்தாலும் பக்கத்துல ஒரு நோட்டைப் போட்டு என்னையும் உக்கார வைப்பாக. மிசினுக்குத் தொகை தெரியும், யாரு மூஞ்சியில என்னான்னு தெரியாது.

மொய் நோட்டைப் பாத்துருக்கியா? மொதக் கட்டம் வரிசை எண்ணு. ரெண்டாவது ஊரு. மூணாவது பேரு. நாலாவது தொகை. ஊரு முன்னாடி, பேரு பின்னாடி, கவனிச்சுக்க. தாய்மாமன் மொய்தேன் மொதல்ல. அவரு சீரு மேளத்தோட வரணும், தட்டு வரணும், கெடா வரணும், வெடி போடணும். காதுகுத்துன்னா புள்ள அவரு மடியில உக்காந்தாத்தேன் காதுல ஊசி எறங்கும். அப்பன் ஓரமாத்தேன் நிக்கணும். லூயி துயூமோன்னு பிரெஞ்சுக்காரரு, நம்ம நாட்டுக்குச் சொதந்திரம் வந்த புதுசுல உசிலம்பட்டிப் பக்கம் வந்து பிரமலைக் கள்ளரோட இருந்து, இதத்தேன் பாத்துட்டுப் போயி 1957-ல தலகாணி தண்டி புஸ்தகம் போட்டாரு. ரத்த சொந்தம் மாதிரியே கொண்டான் குடுத்தான் சொந்தமும் தலைமுறை தலைமுறையா எறங்குதுன்னு அவரு சொன்னதைப் பாரிசுலயும் லண்டன்லயும் அதிசயமாப் பேசுனாகளாம். அது இங்கிலீசுக்கு வரவே 1986 ஆச்சு. இங்கன மாமன், மச்சான்னு கூப்புடுற சின்னப் பயலுக்கு அது தெரியும், அவனுக்குப் பட்டம்தேன் குடுக்கல.

அந்தத் துயூமோவுக்கு வாத்தியாரு மார்செல் மாஸ். ஒருத்தருக்கு ஒண்ணு குடுத்தா, வாங்குனவரு திருப்பிக் குடுத்தே ஆகணும், அந்தக் கட்டாயத்துலதேன் சமுதாயமே நிக்குதுன்னு 1925-ல அவரு எழுதுனாரு. எங்கெங்கயோ தீவுக்காரக சங்கதியெல்லாம் வாசிச்சு வாசிச்சு எழுதுனது. பாவம், மனுசன் ஒரே ஒரு காதுகுத்துக்கு இங்க வந்துருந்தா வேலை அரை நாள்ல முடிஞ்சுருக்கும். செய்முறைன்னு ஒரே வார்த்தை. நீ 500 செஞ்சா நான் ஒன் வீட்டு விசேசத்துல அந்த 500-ஐத் திருப்பி, மேல ஐநூறோ ஆயிரமோ புதுசாப் போடணும். கணக்கு எப்பவும் நேராகக் கூடாது. நேராயிட்டா சொந்தம் முடிஞ்சுபோச்சு, "ஒனக்கும் எனக்கும் சரியாப்போச்சு"ன்னு அர்த்தம். அதுனாலதேன் கூட ஒரு ரூவா வைக்கிறது.

ஒரு விசயம் பேரு சொல்லாமச் சொல்றேன். இந்த ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. கெணத்துத் தண்ணி மொறையில சண்டை. பதினோரு வருசம் பேச்சு இல்ல. தோட்டத்துல ஒருத்தரு வந்தா இன்னொருத்தரு வரப்பு மாறிப் போயிருவாரு. பஞ்சாயத்து, கோயிலு, கோர்ட்டு எல்லாம் பாத்தாச்சு. அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து வந்துச்சு. பத்திரிகை தம்பிக்குப் போகல. நான் மேசையில உக்காந்துருக்கேன். மத்தியானம் பந்தி முடியிற நேரம், ஒரு பொம்பளை முக்காடு போட்ட மாதிரி முந்தானைய இழுத்துக்கிட்டு வந்து நின்னா. தம்பி பொண்டாட்டி. மடியிலருந்து சுருட்டுன நோட்டை எடுத்து வச்சா. 501. "யாரு பேர்லம்மா எழுத?"ன்னேன். தெரிஞ்சேதேன் கேட்டேன். அவ என்னையப் பாக்கல, சமையல் கொட்டகையப் பாத்துக்கிட்டே, "எம் பேர்லயே எழுதுங்க மாமா, ஊரு இந்த ஊருதேன"ன்னா.

எழுதுனேன். மைக்குல வாசிக்கணும்ல? வழக்கமா நாலு பேரைச் சேத்து மடமடன்னு வாசிச்சுருவேன். இத மட்டும் தனியா, மெதுவா வாசிச்சேன். சமையல் கொட்டகையில அண்ணன் கரண்டியோட நின்னுக்கிட்டு இருந்தாரு. வாசிச்சு முடிச்சதும் குனிஞ்சு அடுப்புல வெறகைத் தள்ளுனாரு. கண்ணுல பொகை. பக்கத்துல ஆளு நிக்கிறதே தெரியாம, "அந்தப் புள்ள சாப்புட்டுச்சான்னு பாருங்கடா"ன்னு கத்துனாரு. அம்புட்டுத்தேன் சமாதானம். ஒன் ஆராய்ச்சியில இது எந்தக் கட்டத்துல வரும்? அந்த நோட்டு எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. வேணும்னா காமிக்கிறேன், வரிசை எண்ணு 214. படம் புடிக்க மட்டும் விடமாட்டேன்.

நாளைக்கு ஒரு காதுகுத்து இருக்கு தம்பி. மேலத் தெருவுல, கருப்பசாமி கோயில்ல வச்சு. ஒன்னையக் கூப்புடச் சொல்லிட்டாக, காலையில நீ பஸ்ஸுல எறங்குன பத்தாவது நிமிசமே. வந்து கறிச்சோறு சாப்புடு. சாப்புட்டு நேரா வீடியோ எடுக்கப் போகாம மேசைக்கு வா. 201 போதும். 1,001 வச்சுராத, அப்பறம் பாவம் அந்த மனுசன் ஒனக்குத் திருப்பிச் செய்ய என்னா பாடு படுவாரு?

பேரை எழுதிருவேன், தொகையை எழுதிருவேன். ஊருன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுதேன் எனக்கு இடிக்குது. மெட்ராஸ்னு எழுதவா? மெட்ராஸ்ல எந்தத் தெருவுக்கு நாங்க வந்து திருப்பிச் செய்யிறது? ஒனக்குக் கல்யாணம் காட்சின்னா பத்திரிகை அனுப்புவியா, இல்ல நோட்டை மூடுன கையோட எங்களையும் மூடிருவியா? ராத்திரி படுத்துக்கிட்டு யோசி. நாளைக்கு ஒம்பது மணிக்கு அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டு ஒன் மூஞ்சியைத்தேன் பாப்பேன்.

எந்திரி எந்திரி, பால்காரரு வர்றாரு. அவரு எடத்துல ஒம் பையி இருக்கு பாரு, எடு.